போர்ட்ஃபோலியோவில் எதை வைப்பது, எதை விடுவது

போர்ட்ஃபோலியோ என்பது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்காக நீங்கள் செய்த வேலைகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு. விண்ணப்பிக்கப்போகும் வேலையின் விளம்பரத்தை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்டிருக்கும் திறமை எதையும் காட்டாத வேலை, எவ்வளவு அழகாக இருந்தாலும் தொகுப்பில் வேண்டாம். நான்கு முதல் ஆறு வேலைகள் போதும். ஆகச் சிறந்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில். சுமாரான ஒன்று உள்ளே நுழைந்தால், தரம் பிரித்துப் பார்க்க உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

படங்களை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு வேலைக்கும் 100 முதல் 150 சொற்களில் குறிப்பு எழுதுங்கள்: என்ன சிக்கல், எவ்வளவு அவகாசம், நீங்கள் எடுத்த முடிவு எது, ஏன், கடைசியில் என்ன ஆனது. குழுவாகச் செய்திருந்தால் உங்கள் பங்கைப் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். ‘இணையதளம் உருவாக்கினோம்’ என்பதால் ஒன்றும் விளங்காது. ‘பணம் செலுத்தும் பக்கத்தின் வடிவமைப்பும் சோதனையும் என்னுடையவை; சர்வர் வேலையை இன்னொருவர் பார்த்தார்’ என்று எழுதினால், நேர்காணலில் உங்களிடம் எதைக் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். கைவிட்ட வரைவு ஒன்றைக் காரணத்தோடு சேர்ப்பதும் நல்லது; நீங்கள் யோசிக்கும் விதம் அங்கேதான் வெளிப்படும்.

முன் அனுபவம் இல்லையா? நீங்களே ஒரு சிக்கலை எடுத்துத் தீர்த்துக் காட்டுங்கள். ஆனால் ‘சொந்தப் பயிற்சி’ என்று மேலேயே குறிப்பிடுங்கள்.

பழைய நிறுவனத்தின் ரகசிய விவரங்களில் மிகுந்த கவனம் தேவை. ஒப்பந்தம் தடுத்தால் அந்த வேலையைக் காட்டவே கூடாது. காட்டலாம் என்றால் பெயர்களை நீக்கி, எண்களை மாற்றி, மாற்றியிருப்பதையும் சொல்லுங்கள். பிடிஎஃப்-இல் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் போட்டால் மறைந்துவிடாது. அடியிலுள்ள எழுத்தை அப்படியே காப்பி செய்து படிக்க முடியும். மூலக் கோப்பிலேயே அழித்துவிட்டு, பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள்.

கோப்பு 5 எம்பிக்குள் இருக்கட்டும். படங்களை 150 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளிகள்) குறைத்தாலே பெரும்பாலும் அளவு இறங்கிவிடும். எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் வேறு கணினியில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரியக்கூடும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் விண்ணப்பிக்கும் பதவியும் வேண்டும். ‘ஃபைனல் 2’ என்று அனுப்பினால் யாருடையது என்று தேட வேண்டிவரும். கூகுள் டிரைவ் இணைப்பு கொடுப்பதானால், இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அனுமதியை மாற்றிவிட்டு, இன்காக்னிட்டோ ஜன்னலில் (உங்கள் கணக்கில் நுழையாமல் திறக்கும் உலாவி ஜன்னல்) ஒருமுறை, போனில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள்.