பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் என்ன?

இலங்கையில் கடவுச்சீட்டு, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடப்பிதழ். சென்னையில் இறங்கியதும் பாஸ்போர்ட். ஆட்டோக்காரரைத் தவிர எல்லோரும் அதைக் கேட்பார்கள்: லாட்ஜில், சிம் கார்டு கடையில், பணம் மாற்றும் இடத்தில். நாலைந்து பிரதி எடுத்து வாருங்கள். மறந்தாலும் பரவாயில்லை, தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது.

தொல்லை கொடுப்பது பெயர்தான். மலேசியாவின் கிள்ளானிலிருந்து என் மாமா பையன் வந்திருந்தபோது, தி.நகர் லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருந்த பையன் அவன் கடப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’.

“சார், இதுல சர்நேம் எது?”

“அது ‘மகன்’னு அர்த்தம் தம்பி. எங்களுக்கு சர்நேம் கிடையாது.”

கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மாமாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டு, சாவி வாங்க அரை மணி நேரம் ஆனது.

எல்லையில் சீட்டுக் கேட்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான். அர்த்தசாஸ்திரத்தில் இதற்கென்றே ஓர் அதிகாரி உண்டு. மாஷம் என்ற காசு ஒன்று வாங்கிக்கொண்டு முத்திரைச் சீட்டு தருவார். சீட்டில்லாமல் போய்வந்தால் சொந்த நாட்டுக்காரனுக்கே 12 பணம் (அன்றைய வெள்ளிக்காசு) அபராதம். இங்கிலாந்தில் 1414இல் ஐந்தாம் ஹென்றி காலத்துச் சட்டத்திலும் வழிப்பயணப் பாதுகாப்புக் கடிதம் வருகிறது. இடையில் கெடுபிடி தளர்ந்து, முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே சுற்ற முடிந்தது. போர் வந்தது, ஒற்றர் பயம் வந்தது, புகைப்படமும் ஒட்டிக்கொண்டது. 1920இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடு, 32 பக்கப் புத்தகம் என்று வடிவத்தை முடிவு செய்தது.

சர்நேம் கட்டத்துக்கு வயது இன்னும் குறைவு. படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, வரிக்கு 44 எழுத்து, அது 1980இல் வந்த இயந்திரம் படிக்கும் முறை. முதலில் குடும்பப் பெயர், அப்புறம் சொந்தப் பெயர். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் ஊரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போல.

அதனால் விசா விண்ணப்பம், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை), விமான டிக்கெட் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்துப் போடுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர் என்றால் கவுன்ட்டரில் நிற்க வேண்டியதுதான். விசாவுக்கு ஆறு மாதம் செல்லுபடி, இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தி வீட்டில்தானே தங்குகிறோம் என்று விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அந்த விவரத்தைப் பதிய வேண்டும். சித்திக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, நீங்களே உட்கார்ந்து முடித்துக் கொடுங்கள்.

தொலைந்துவிட்டால் முதலில் போலீஸ் புகார், அடுத்து உங்கள் நாட்டுத் தூதரகத்தில் தற்காலிகப் பயண ஆவணம், பிறகு வெளியேறும் அனுமதி. கடைசியில் சொன்னதைத் தருவது வெளிநாட்டினர் பதிவு அலுவலகம், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன். விண்ணப்பம் இணையத்தில்தான், பறக்கும் நாளன்று காலையில் தொடங்காதீர்கள்.