ஒரு பிள்ளைக்கு வழிகாட்டியாகப் போகிறீர்களா?
முதலில் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை ஆதார் நகலோடு போய்ப் பாருங்கள், எந்தப் பிள்ளைக்கு ஆள் தேவை என்று அவருக்குத்தான் தெரியும். தனியாக வீட்டுக்கு வரச் சொல்வது வேண்டவே வேண்டாம். பள்ளியிலேயே சந்தியுங்கள், இல்லையென்றால் பெற்றோரிடம் சொல்லிவிட்டு மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்.

முதல் நாளே கணக்கு நோட்டைத் திறக்காதீர்கள். சாப்டியா, எந்த பஸ்ல வந்தே என்று பேச்சு கொடுங்கள், அப்புறம் படிப்பு தானாக வரும்.

8-ஆம் வகுப்பு என்றால் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்யலாம்: தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அதில் வரும் மனத்திறன் தாள் பழகப் பழகத்தான் பிடிபடும், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தேர்வுக்கு வேண்டிய வருமானச் சான்று வாங்க இ-சேவை மையத்துக்குப் பிள்ளையின் அம்மாவோடு நீங்களும் ஒரு நடை போய்வாருங்கள், பாடம் சொல்லித்தருவதைவிட இதுதான் சில வீடுகளுக்குப் பெரிய உதவி. வர முடியாத வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.