ஒரே மலைக்கு இரண்டு பெயர்: கற்பனை நாடுகளுக்குள் பெயர்ச் சண்டை மூட்டுவது எப்படி?

வரைபடம் போட்டாயிற்று, அரச பரம்பரையும் எழுதியாயிற்று என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. என் நாவல் எட்டு மாதம் நகராமல் நின்றது இந்த இடத்தில்தான்.

படி 1: சண்டைக்கு ஓர் இடம் போதும். ஆறு, கணவாய், கோட்டை எல்லாவற்றுக்கும் இரட்டைப் பெயர் வைத்தால் வாசகருக்குத் தலை சுற்றும். என் கதையில் ஒரு மலை. மேட்டுநாட்டாருக்கு அது தாய்முடி. சமவெளி அரசுக்கு வேந்தன்குன்று.

படி 2: யார், எதைப் பார்த்து வைத்த பெயர்? சேலத்தில் பிறந்தவர்களுக்கு இது கண்ணெதிரே இருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. கண்டதைச் சொல்லும் பெயர். ஏற்காடு இருக்கும் மலைக்குப் பெயர் சேர்வராயன். அது உச்சிக் குகைக் கோயிலில் இருக்கும் சாமியின் பெயர். அதுவே வெள்ளைக்காரர் வாயில் ஷெவராய் ஆனது. வென்றவர் வைக்கும் பெயர் வேறு மாதிரி இருக்கும். ராஜராஜன் காலத்தில் சோழர் பிடித்த ஈழப்பகுதிக்கு மும்முடிச் சோழ மண்டலம் என்று அரசனின் பட்டத்தையே சூட்டினார்கள். வேந்தன்குன்று என்ற பெயர் எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

படி 3: எதிரியின் பெயரை ஒப்புக்கொண்டால் என்ன பறிபோகும்? மாசிடோனியா 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடானபோது கிரீஸ் அந்தப் பெயரை எதிர்த்தது. தன் வடபகுதிக்கும் அதே பெயர் என்பதால், நாளை அந்த மண்ணுக்கும் உரிமை கேட்பார்களோ என்ற அச்சம். என் கதையில் வேந்தன்குன்று என்று ஒப்புக்கொண்டால், மேட்டுநாட்டார் முன்னோரைப் புதைத்த மண்ணிலேயே வரி கட்டும் குடிகளாகிவிடுவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் சண்டையை எழுதவே வேண்டாம்.

படி 4: கதைசொல்லி எந்தப் பெயரைச் சொல்வார்? நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் வரைவு, "வேந்தன்குன்றில் பனி இறங்கியது" என்று தொடங்கியது. படித்த நண்பர்கள் மூவருமே மேட்டுநாட்டாரைக் கலகக்காரர்கள் என்றே புரிந்துகொண்டார்கள். முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டிருக்கிறேன்!

இப்போது என் விதி இது: காட்சி யார் கண்வழி நடக்கிறதோ, அவர் வீட்டில் புழங்கும் பெயர்தான் கதையோட்டத்திலும் வரும். பேச்சில் மட்டும் பெயர் மாறலாம், அந்த மாற்றம் வலிக்க வேண்டும். மேட்டுநாட்டுச் சிறுவன் ஒருவன் சமவெளிச் சந்தையில் உப்பு வாங்குகிறான். "எந்த ஊர்டா தம்பி?" என்கிறார் கடைக்காரர். "வேந்தன்குன்றுங்க" என்கிறான். உப்பு கிடைத்துவிடுகிறது. வீட்டில் பாட்டி "என்னடா சொல்லி வாங்கினே?" என்று கேட்டதும் மூட்டையை இறக்காமல் நிற்கிறான். இந்த ஒரு காட்சி, நான் எழுதி வைத்திருந்த இரண்டு போர்க்களங்களைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது.

கருவி: உலகம் கட்டுவதற்கென்றே இருக்கும் செயலிகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நான் பார்த்தவற்றில் இடத்தின் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான். நிரப்பும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம். நீளமான கோடு போட்ட நோட்டு, பக்கத்தை நெடுக்காகப் பிரித்து நாட்டுக்கு ஒரு பெயர்ப்பத்தி, பென்சில். அவ்வளவுதான். கணினியில் சரிபார்க்கும்போது முழுப்பெயரைத் தேடாதீர்கள். வேந்தன்குன்று என்று தேடினால் வேந்தன்குன்றில், வேந்தன்குன்றை எல்லாம் தப்பிவிடும். வேந்தன்குன் வரை அடித்தால் போதும்.

பின்சேர்க்கை: இரு நாடும் சமாதானம் பேச உட்கார்ந்தால் ஓலையில் எந்தப் பெயரை எழுதுவது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் யோசிக்காத இடம். மாசிடோனியாவை ஐ.நா. 1993இல் 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்று தற்காலிகப் பெயரில்தான் சேர்த்துக்கொண்டது. 2019இல்தான் அது வட மாசிடோனியா ஆனது. நானும் அந்த வழியில் போய், ஓலை எழுதுபவரை மண்டபத்துக்கு வெளியே அனுப்பினேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "இவ்வாசலில் நின்றால் வடக்கே தெரியும் மலை" என்று எழுதினார். இரண்டு அரசர்களும் முத்திரை வைத்தார்கள்.