பழைய திருவிதாங்கூர் ஜாதகத்தைத் தமிழில் வாசிப்பது எப்படி? இரண்டு ‘கு’, இரண்டு ‘ச’ சிக்கலும் தீர்வும்

ஆச்சிக்கு எண்பது நிறையப் போகிறது என்றதும் வீட்டில் சதாபிஷேகப் பேச்சு வந்தது. நாள் குறிக்க ஜாதகம் வேண்டும். மாமா ஒரு பழைய நோட்டைக் கொண்டு தந்தார். மலையாளத்தில் இருந்த மூல ஜாதகத்தை எப்போதோ யாரோ தமிழில் பகர்ப்பு (நகல்) எடுத்து வைத்த நோட்டு. அதைப் பார்த்துவிட்டு ‘ஆச்சிக்கு ஹம்ச யோகம்’ என்று வீடு முழுக்கச் சொன்னேன். ஆச்சிக்கு அவ்வளவு சந்தோஷம். நாலு நாள் கழித்து மூலத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் கட்டத்தையே தப்பாக வாசித்திருக்கிறேன் என்று தெரிந்தது. அதை அவளிடம் மாற்றிச் சொல்வதற்குள் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த மாதிரி நோட்டு பல வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்குக் கணியார் (சோதிடர்) எழுதிக் கொடுத்த தலக்குறி (ஜாதகக் குறிப்பு) பெரும்பாலும் மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டில், நாழிகைக் கணக்கில் இருக்கும். அதை வாசித்து, கிரகங்கள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று பார்ப்பது வரைக்கும் இங்கே எழுதுகிறேன். ராசிக்கட்டம், பன்னிரண்டு ராசி, எந்த வீட்டுக்கு யார் அதிபதி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தேதி

கொல்லம் ஆண்டு சிங்ஙம் (ஆவணி) 1-ல் தொடங்கும். சிங்ஙத்தில் இருந்து டிசம்பர் கடைசி வரை பிறந்திருந்தால் கொல்லம் ஆண்டோடு 824 கூட்டுங்கள். ஜனவரியில் இருந்து கர்க்கடகம் முடியும் வரை என்றால் 825. ஆச்சியின் ஜாதகத்தில் ‘1120 மகரம், ரோகிணி, உதயாற்பரம் 9 நாழிகை’ என்று இருந்தது. 1120 + 825 = 1945, ஜனவரி.

உதயாற்பரம் என்றால் சூரியன் உதித்த பிறகு. அஸ்தமனாற்பரம் என்று இருந்தால் அஸ்தமித்த பிறகு. இரண்டையும் மாற்றிப் படித்தால் லக்கினம் நேர் எதிர் ராசிக்குப் போய்விடும், கவனம். ஒரு நாழிகை 24 நிமிஷம். 9 நாழிகை என்றால் 3 மணி 36 நிமிஷம். நாகர்கோவில் பக்கம் ஜனவரி கடைசியில் உதயம் ஏறக்குறைய 6.40. ஆக, பிறப்பு காலை பத்தே கால் வாக்கில்.

எழுத்துகள்: நான் தடுக்கி விழுந்த இடம்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

தமிழ் ஜாதகத்தில் சூ, சந், செ, பு, கு, சு, சனி, ரா, கே என்று போடுவோம். மலையாள வழக்கில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஓர் எழுத்து. அதுவும் நாம் புழங்காத பெயரில் இருந்து எடுத்த எழுத்து:

ல – லக்கினம்
ர – ரவி (சூரியன்)
ச – சந்திரன்
கு – குஜன் (செவ்வாய்)
பு – புதன்
கு – குரு
சு – சுக்கிரன்
ம – மந்தன் (சனி)
ச – சர்ப்பன் (ராகு)
சி – சிகி (கேது)
மா – மாந்தி

மலையாளத்தில் குஜனுக்கும் குருவுக்கும் வெவ்வேறு எழுத்து. ஒன்று வல்லோசை, மற்றது ‘கங்கை’யில் இரண்டாவதாக வரும் ககரத்தின் ஓசை. சந்திரனின் ‘ச’ வேறு, சர்ப்பனின் ‘ஸ’ வேறு. தமிழில் பகர்ப்பு எடுத்தவர் எல்லாவற்றையும் ‘கு’, ‘ச’ என்றே எழுதிவிட்டார். தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசம் கிடையாது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆச்சியின் நோட்டில் கட்டம் இப்படி இருந்தது. மீனத்தில் ல. மேஷத்தில் மா. ரிஷபத்தில் ச. மிதுனத்தில் ம, ச. கன்னியில் கு. தனுசில் கு, பு, சி. மகரத்தில் ர. கும்பத்தில் சு.

நான் என்ன செய்தேன் என்றால், தனுசில் இருந்த ‘கு’வைக் குரு என்று எடுத்துக்கொண்டேன். குருவுக்குச் சொந்த வீடு, மீன லக்கினத்துக்குப் பத்தாமிடம், கேந்திரம் (1, 4, 7, 10-ல் ஒன்று). ஹம்ச யோகத்துக்கு விதி அப்படியே பொருந்தி வந்தது. அப்போது கன்னியில் இருக்கும் ‘கு’ செவ்வாய் ஆகிறது, அதாவது லக்கினத்துக்கு ஏழில் செவ்வாய். ஒரே எழுத்தால் ஒருவருக்கு இல்லாத யோகமும் வருகிறது, லக்கினத்துக்கு இல்லாத செவ்வாய் தோஷமும் வருகிறது. எண்பது வயது ஆச்சிக்குப் பரவாயில்லை. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற பிள்ளையின் ஜாதகமாக இருந்தால்?

கட்டத்தைச் சோதிக்கும் முறை

யோகம், தோஷம் என்று வாயைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் போதும்.

மலையாள மாதப் பெயரே சூரியன் நிற்கும் ராசியின் பெயர். மகர மாதப் பிறப்பு என்றால் சூரியன் மகரத்தில்தான். மகரத்தில் ‘ர’ இருக்கிறது, ஆக ‘ர’ ரவிதான், ராகு இல்லை.

நட்சத்திரம் சந்திரனைக் காட்டிக்கொடுக்கும். ரோகிணி முழுக்க ரிஷபத்தில் அடங்கும். அதனால் ரிஷபத்து ‘ச’ சந்திரன். மிச்சமிருக்கும் மிதுனத்து ‘ச’ சர்ப்பன். சரியா என்று பார்க்க சிகியைத் தேடுங்கள். ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் ஏழில் இருக்க வேண்டும். மிதுனத்துக்கு ஏழு தனுசு, அங்கே ‘சி’ உட்கார்ந்திருக்கிறது.

புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. அதனால் சூரியன் நிற்கும் ராசி, அதற்கு முன் ராசி, பின் ராசி, இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். சுக்கிரன் சுமார் 47 பாகை, அதிகம் போனால் இரண்டு ராசி தள்ளி. இதற்கு வெளியே இருந்தால் எழுத்தையோ மாதத்தையோ தப்பாக வாசித்திருக்கிறீர்கள். (இது ராசிக்கட்டத்துக்கு மட்டும். பக்கத்தில் இருக்கும் அம்சக் (நவாம்ச) கட்டத்தில் போட்டுப் பார்த்துக் குழம்பாதீர்கள்.)

இனி இரண்டு ‘கு’. இதற்கு எனக்குக் கைகொடுத்தது கும்பகோணம் மகாமகம். குரு சிம்மத்தில் இருக்கும்போது வருவது மகாமகம். 1980-ல் வந்தது, 1968-ல் வந்தது. குரு ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருஷம், ராசிக்கு ஒரு வருஷம். 1968-ல் இருந்து பின்னால் எண்ணினால் 1956, 1944 வாக்கில் சிம்மம். அப்படியானால் 1945 தொடக்கத்தில் சிம்மக் கடைசி அல்லது கன்னி. இந்தக் கணக்கு ஒரு ராசி முன்னே பின்னே தப்பலாம், ஆனால் தனுசு மூன்று ராசி தள்ளி இருக்கிறது. அதனால் கன்னியில் இருப்பதுதான் குரு, தனுசில் இருப்பது குஜன்.

இதை மூல ஜாதகத்தோடு ஒப்பிட்டேன். தாள் பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்தாலும் மசி மங்கவில்லை. இரண்டு எழுத்தும் வேறு வேறாகத் தெளிவாக இருந்தன. கன்னியில் குரு.

இப்போது அமைப்பைப் பாருங்கள்

சரியான கட்டத்தை வெறும் கண்ணால் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருங்கள், ஒன்றும் சொல்லாமல். ஆச்சியின் கட்டத்தில் முதலில் கண்ணில் படுவது நாலு மூலை. மேல் இடது மூலை மீனம், லக்கினம். மேல் வலது மூலை மிதுனம், சனியும் ராகுவும். கீழ் வலது கன்னி, குரு. கீழ் இடது தனுசு, செவ்வாய், புதன், கேது. நம்ம தென்னாட்டுக் கட்டத்தில் நாலு மூலையும் உபய ராசிகள். லக்கினம் உபய ராசியாக இருந்தால் 1, 4, 7, 10 ஆகிய கேந்திரங்களும் அந்த மூலைகளே. ஒன்பது கிரகத்தில் ஆறு கேந்திரத்தில். ஜாதகத்தின் கனமெல்லாம் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

அடுத்து லக்கினாதிபதி. மீனத்துக்கு அதிபதி குரு. அவர் ஏழில், கன்னியில். கன்னிக்கு அதிபதி புதன். புதன் எங்கே? தனுசில், குருவின் வீட்டில். குரு புதன் வீட்டிலும் புதன் குரு வீட்டிலும். இதுதான் பரிவர்த்தனை. ஏழுக்கும் பத்துக்கும் இடையே, இரண்டு கேந்திரங்களுக்கு நடுவே. நான் தப்பாக வாசித்த கட்டத்தில் குருவைத் தனுசிலேயே உட்கார்த்தி வைத்ததால் இந்தப் பரிவர்த்தனை அப்படியே மறைந்து போயிருந்தது. ஹம்ச யோகம் இல்லை என்று ஆச்சியிடம் சொன்ன அன்றைக்கே இதையும் சொல்ல முடிந்தது. இல்லாததை எடுத்துவிட்டால் இருப்பது தெரிகிறது.

பிறகு பார்வை. எல்லாக் கிரகத்துக்கும் 7-ஆம் பார்வை உண்டு. செவ்வாய்க்குக் கூடுதலாக 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. பென்சிலால் அம்புக்குறி போட்டு வரையுங்கள், மனசுக்குள் எண்ணினால் தப்பும். கன்னியில் இருந்து குருவின் 5 மகரம், அங்கே சூரியன். 7 மீனம், லக்கினம். 9 ரிஷபம், உச்சச் சந்திரன். லக்கினம், சூரியன், சந்திரன் மூன்றிலும் குரு பார்வை விழுகிறது. மறுபக்கம் தனுசுச் செவ்வாயும் மிதுனச் சனியும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். நாலாமிடத்துக்கும் (வீடு) பத்தாமிடத்துக்கும் (வேலை) இழுபறி. செவ்வாயின் 4-ஆம் பார்வையும் சனியின் 10-ஆம் பார்வையும் லக்கினத்தில் விழுகின்றன. அதே லக்கினத்தைத்தான் குருவும் பார்க்கிறார்.

இந்த இடத்தில் ஆரம்பக்காரர்கள் ஒரே பக்கத்தை மட்டும் எடுத்துப் பலன் சொல்லிவிடுகிறார்கள். வீடும் வேலையும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதையும் சொல்லுங்கள், அதற்கு மேல் குரு பார்வை இருப்பதையும் சொல்லுங்கள். ஆச்சி விடியுமுன் வீட்டுவேலை முடித்து, பிறகு வயலுக்குப் போய் ஆள் வைத்து நடவு பார்த்தவள். நான் இதை வாசித்துக் காட்டியபோது அவள் அந்த நாட்களைத்தான் பேசினாள்.

யோகப் பட்டியல் கடைசியில்

மென்பொருளில் நான் பயன்படுத்துவது ஜகந்நாத ஹோரா. இலவசம், கணக்கு நம்பகமானது. அயனாம்சம் லாஹிரி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நாகர்கோவில் என்றால் அட்சம் 8.18 வடக்கு, தீர்க்கம் 77.43 கிழக்கு (தசமப் பாகையில்). போன் செயலிகள் முப்பது நாற்பது யோகத்தைப் பட்டியல் போட்டுத் தருகின்றன. அதை முதலில் திறக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பட்டியலைப் பார்த்தபின் கட்டத்தைப் பார்த்தால் பட்டியலில் உள்ளது மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

கையால் வரைந்து முடித்தபின் சரிபார்க்க மட்டும் திறந்தேன். சந்திரனுக்கு இரண்டில் சனி, ஆகவே சுனபா யோகம். கஜகேசரி இல்லை, ஏனென்றால் குரு சந்திரனுக்கு ஐந்தில், கேந்திரத்தில் இல்லை. காலசர்ப்பமும் இல்லை, ராகு கேதுவுக்கு இரண்டு பக்கமும் கிரகங்கள் இருக்கின்றன. செவ்வாய் தோஷத்தை லக்கினம், சந்திரன், சுக்கிரன் மூன்றில் இருந்தும் எண்ண வேண்டும். இங்கே லக்கினத்துக்குப் பத்து, சுக்கிரனுக்குப் பதினொன்று, இரண்டிலும் இல்லை. சந்திரனுக்கு மட்டும் எட்டு. ‘தோஷம் உண்டு’ என்று ஒற்றை வரியில் எழுதித் தருகிறவரிடம் எதில் இருந்து எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த தக்கலைக்காரர் ஒருவர் தன் அப்பா ஜாதகத்தில் மென்பொருள் காட்டும் லக்கினம் ஒரு ராசி தள்ளிப் போகிறது என்று எழுதினார். பிறப்பு 1943, நேரம் கடிகார மணியில் குறித்தது. 1942 செப்டம்பரில் இருந்து 1945 அக்டோபர் வரை போர்க்காலம் என்று இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த வருஷங்களில் மணிக்கணக்கு இருந்தால் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். உதயாதி நாழிகையில் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வராது.

இன்னொருவருக்கு மாதத் தேதி ஒரு நாள் உதைத்தது. தமிழ்க் கணக்கில் சூரியன் அஸ்தமனத்துக்குள் ராசி மாறினால் அன்றே மாதம் பிறக்கும். மலையாளக் கணக்கில் பகல் 18 நாழிகைக்குள், ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குள் மாறினால்தான் அன்று, இல்லையென்றால் மறுநாள். அதனால் சிங்ஙம் 5-ஐ ஆவணி 5 என்று எடுக்காதீர்கள். கிழமையையும் நட்சத்திரத்தையும் வைத்து உறுதி செய்யுங்கள். கிழமை மாறுவது உதயத்தில் என்பதையும் மறக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை அதிகாலை இரண்டு மணிக்குப் பிறந்தவருக்கு ஜாதகத்தில் திங்கள் என்றுதான் இருக்கும்.