பங்காளிகளுக்குத் தாளிலும் வேண்டும், போனிலும் வேண்டும்

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டுப் படைப்புக்கு (நாங்கள் நகரத்தார், பங்காளிகள் ஒன்றுகூடி முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடுவது இது) வாட்ஸ்அப்பில் தகவல் எழுதியது நான்தான். "வர்ற புதன்கிழமை படைப்பு, எல்லாரும் வந்துருங்க." அவ்வளவுதான் எழுதினேன். படைப்பு முடிந்த அன்று ராத்திரி யாரோ அதைச் சென்னைப் பங்காளிகள் குரூப்பில் தள்ளிவிட, ஒரு குடும்பம் அடுத்த புதன்கிழமை காலையில் கார் வைத்துக்கொண்டு வந்து இறங்கி, பூட்டிக்கிடந்த படைப்பு வீட்டு வாசலில் நின்று எனக்குப் போன் போட்டது. அதற்கப்புறம் தாளுக்கு எப்படி எழுதுவது, போனுக்கு எப்படி எழுதுவது என்று எனக்கு நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), கோயில் வேலை என்று எதற்கும் இது பொருந்தும்.

முதலில் தாளுக்கு எழுதுங்கள். போனுக்கு எழுதியதைப் பிறகு தாளுக்கு நீட்டுவது சிரமம், தாளில் இருப்பதைப் போனுக்குச் சுருக்குவது சுலபம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களுக்கு ஊரிலிருந்து கடிதம் எழுதியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: கப்பலேறிப் போய்ச் சேரவே நாளாகும், "எந்தப் புதன்கிழமை?" என்று திருப்பிக் கேட்க வழியில்லை, அதனால் தலையில் ஒரு உ போட்டு, தேதி, ஊர், யாருக்கு, எவ்வளவு தொகை என்று எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் ஒரு படைப்புத் தகவல் இப்படி வரும்:

"விசுவாவசு வருடம் தை மாதம் 28ஆம் தேதி (11-02-2026) புதன்கிழமை காலை 10 மணிக்கு நம் படைப்பு வீட்டில் படைப்பு நடைபெறும். பங்காளிகள் அனைவரும் குடும்பத்துடன் வரவும். புள்ளி வரியைத் தை 20ஆம் தேதிக்குள் (03-02-2026) செலுத்தவும்." (புள்ளி வரி என்பது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு என்று போடும் பங்குத் தொகை.)

இதையே போனுக்கு மாற்றும்போது முதல் வரிதான் எல்லாம். போன் பூட்டியிருக்கும்போது திரையில் எட்டிப் பார்ப்பது ஒன்றிரண்டு வரிதான், அதில் "அனைவருக்கும் அன்பான வணக்கம்" போய் உட்கார்ந்துகொண்டால் விஷயம் உள்ளே போய்விடும். "படைப்பு: 11-02-2026 புதன், காலை 10, படைப்பு வீடு" என்று ஆரம்பியுங்கள், வணக்கம் இரண்டாவது வரியில் வரட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் (ஒருவர் கோபித்துக்கொண்டார், அது வேறு கதை). புள்ளி வரியைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள், சேர்த்து அனுப்பினால் பணம் கட்டியவர் தேதியைப் பார்க்க மாட்டார், தேதியைப் பார்த்தவர் பணம் கட்ட மாட்டார். "நாளைக்கு", "வர்ற வாரம்" இரண்டும் போனில் கூடவே கூடாது. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும், அதற்குள் அது இன்னொரு குரூப்புக்குப் போயிருந்தால் அங்கே பழையதுதான் நிற்கும்.

பத்திரிகையைப் படமாக மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். தேவகோட்டை ஆச்சி ஒருவர் கூப்பிட்டு, "எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு தம்பி, நீயே வாசிச்சுச் சொல்லிரு" என்றார். படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடுவதும் கஷ்டம், நகல் எடுப்பதும் கஷ்டம். படம் அனுப்பினால் கீழேயே தேதி, நேரம், இடத்தை எழுத்தாகவும் போட்டுவிடுங்கள். ஆச்சிமார்களுக்கு அச்சடித்த தாளை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை, அதற்குப் பதிலாகப் போன் வராது.

அச்சகத்துக்கு அனுப்பும்போதுதான் நிஜமான தலைவலி. நாம் போனில் அடிப்பது யூனிகோடு, பல அச்சகங்களில் இன்னும் வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள்தான். அவை ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. யூனிகோடில் "கொ" என்பது க, அதன்பின் ஒகரக் குறி என்று பதிவாகும், அங்கேயோ கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில். மாற்றும்போது எங்காவது சறுக்கும். எங்கள் பத்திரிகையில் "ஸ்ரீ" இருந்த இடத்தில் ஒரு கட்டம் வந்து, நல்லவேளை, புரூஃபிலேயே கண்ணில் பட்டது. எனவே புரூஃப் வந்ததும் ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறி, எண்கள் ஆகியவற்றைத்தான் முதலில் பாருங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஐயாவின் முகம் அச்சில் மங்கிவிடும்.

அடுத்தது விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் குடும்ப எழுத்துகள். பழ., கரு., சித., வயி. என்று நம்மிடம் இருக்கும் அத்தனை எழுத்தையும் குரலில் சொல்லி அடித்தால் "பழ." என்பது "பல." ஆகிவிடும், "புள்ளி" "புல்லி" ஆகிவிடும். விலாசங்களைக் கையால்தான் அடிக்க வேண்டும். பிறகு ஒருவர் தாளைப் பார்த்து உரக்க வாசிக்க, இன்னொருவர் புரூஃபைப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். தனியாகப் பார்த்தால் நாம் எழுதியதாக நினைப்பதைத்தான் கண் வாசிக்கும்.

வேலை முடிந்ததும் ஒரு தாளைப் பெட்டகத்தில் வையுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடிதம் என்று மற்றவர்கள் தூக்கிப்போடுகிறதையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி, இன்று அதில் பலவும் கணினியில் ஏறியிருக்கிறது. தாளில் வருடம் இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் அதை எந்த வருடத்துக்கு என்று அடுக்குவார்? வாட்ஸ்அப் செய்தியிலும் வருடத்தை விடாதீர்கள். போன முறை நான் தேதி, வருடம், கிழமை எல்லாம் போட்டுத்தான் அனுப்பினேன், அப்படியும் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது: "அண்ணே, படைப்பு இந்தப் புதனா, அடுத்த புதனா?"