வீசிங் இருக்கும் குழந்தையின் அறைக்கு ஏர் ப்யூரிஃபையர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

அலர்ஜியால் வீசிங் வரும் குழந்தை வீட்டில் இருந்து, ஒரே ஒரு மெஷின் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை ஹாலில் வைக்காதீர்கள். குழந்தை தூங்கும் அறையில் வையுங்கள், எட்டு பத்து மணி நேரம் ஒரே இடத்துக் காற்றைச் சுவாசிப்பது அங்கேதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி. அந்த அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். அதையும் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் ப்யூரிஃபையரையும் ஓடவிடுவது வீண்செலவு. கொசுவலை கட்டுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணியும் அந்த அறைக்குள் வேண்டாம் (பாட்டி கோபித்துக்கொள்வார், சமாளியுங்கள்).

அடுத்தது மெத்தை. சென்னை மாதிரி கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் டஸ்ட் மைட் என்கிற, கண்ணுக்கே தெரியாத பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் ஜோராகப் பெருகும். அலர்ஜியைக் கிளப்புவது முக்கியமாக அதன் கழிவு. அது கொஞ்சம் கனமான துகள், மெத்தையை உதறினால் மேலே கிளம்பிச் சீக்கிரமே கீழே படிந்துவிடும், அதனால் பெரும்பகுதி மெஷினுக்குள் போகவே போகாது. மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த மைட் புகாத உறை போடுங்கள், விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். புகையும் பூனையிடமிருந்து வரும் நுண்துகளும் அப்படியில்லை, மணிக்கணக்கில் மிதக்கும். மெஷின் கைகொடுப்பது அங்கேதான்.

சரி, எதை வாங்குவது? நுண்துகளைப் பிடித்துவைக்கும் ஹெபா ஃபில்டர் கட்டாயம். அப்புறம் பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று ஓர் எண் இருக்கும், ஒரு மணி நேரத்தில் எத்தனை கனமீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பது அது. 10க்கு 12 அடி அறை, கூரை 10 அடி என்றால் சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமென்றால் 170 வேண்டும். ஆனால் அந்த எண் முழு வேகத்துக்கானது, அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்காது, ஆகவே 250, 300 உள்ளதாக வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள். அயனைசர் (காற்றில் மின்னூட்டம் ஏற்றும் வசதி) பட்டன் இருந்தால் அணைத்தே வையுங்கள், சிலவற்றில் ஓசோன் வாயு வரும், அது மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

கதவு ஜன்னலைச் சாத்தி, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டு, விடியும்வரை ஓடட்டும். சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓரடி தள்ளி இருக்கட்டும். 40 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்கூட வராது. ஆட்டோ மோடை நம்ப வேண்டாம், காற்று சுத்தம் என்று அதுவாக முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இருமல் குறைந்துவிட்டது என்பதற்காக, டாக்டர் எழுதிக்கொடுத்த தினசரி இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மெஷினின் வெளிப்புற வலையை வாரம் ஒருமுறை தட்டித் துடையுங்கள். உள்ளே இருக்கும் ஹெபாவைக் கழுவினால் போச்சு. அதை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டிவரும், மெஷின் விலையைக் கேட்கும்போதே மாற்று ஃபில்டர் என்ன விலை, உள்ளூரில் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.