ஒரு தடி தாங்கோ: வன்னி வளவில பூக்கண்டு வைக்கிறவைக்கு

சண்டை முடிஞ்சு 2010 இல நாங்கள் கிளிநொச்சித் தர்மபுரத்துக்குத் திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, வளவு முழுக்க ஆளுயரத்துக்குப் பத்தை, கிணத்தடிக்குப் போறதுக்கே கத்தியால வெட்டி வெட்டித்தான் போனது, போய்ப் பாத்தா கிணத்துக்கட்டுக்குப் பக்கத்தில அம்மா வைச்ச நந்தியாவட்டை நிக்குது, இவ்வளவு நாளா ஆரும் ஒரு வாளி தண்ணி ஊத்தேல்லை, வெள்ளை வெளேரெண்டு பூத்துக் கிடக்கு. அண்டைக்கு அம்மா செய்த முதல் வேலை அதில நாலு தடி முறிச்சுப் பக்கத்து வளவு மாமிக்குக் குடுத்தது. எனக்குக் கோவம் வந்திட்டுது. இருக்கிறதே ஒண்டு, அதையும் ஏன் முறிக்கிறா எண்டு.

பிறகு 2018 மார்கழி வெள்ளம் வந்துது தெரியும்தானே, கிளிநொச்சி முல்லைத்தீவு ரெண்டும் தண்ணிக்குள்ள கிடந்த நேரம், எங்கட வளவின்ர பள்ளப்பக்கத்தில நாலைஞ்சு நாளாத் தண்ணி வடியேல்லை. தண்ணி போனாப்பிறகு அந்த மரம் இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டி மாசி வரமுன்னம் பட்டுப்போச்சு. மாமியின்ர வளவு மேடு. அவ தன்ர மரத்தில இருந்து மூண்டு தடி கொண்டுவந்து என்ர கையில தந்தவ. இப்ப எங்கட முத்தத்தில நிக்கிறது அதுதான், அம்மா அண்டைக்கு முறிச்சுக் குடுத்த தடியின்ர பிள்ளை.

அதால ஆரும் என்னட்டப் பூக்கண்டு வைக்கிறதைப் பற்றிக் கேட்டா நான் முதல்ல சொல்லுறது, எதை வைச்சாலும் ரெண்டாப் பண்ணுங்கோ, ஒண்டு உங்கட வளவுக்கு, மற்றது அயலுக்கு. வெள்ளம், வறட்சி, கட்டாக்காலி மாடு, குரங்கு எண்டு எங்கட பக்கம் ஒரு கண்டை அழிக்கக் கனக்கச் சாமான் இருக்கு, ஒழுங்கை முழுக்க அந்தக் கண்டு நிண்டா ஒண்டும் முழுசா அழியாது.

சரி, எப்ப தொடங்கிறது? கனபேர் சித்திரை வருசத்துக்கு வீடு வாசல் கூட்டேக்க ஆசை வந்து கண்டு வாங்கி வைக்கிறவை, பிறகு வைகாசியில சோளகக் காத்துத் தொடங்க மண் காய்ஞ்சு ஆடி ஆவணியில கிணத்துத் தண்ணியும் கீழ போக கண்டும் போயிடும். தடி நடுறதுக்கு எங்களுக்கு நல்ல காலம் ஐப்பசி, முதல் ரெண்டு மூண்டு மழை விழுந்து மண் உள்ளுக்குள்ள நனைஞ்சாப்பிறகு. காலபோகத்துக்கு வயல் விதைக்கிற அதே நேரம் எண்டு ஞாபகம் வைச்சிருங்கோ. மார்கழி வரைக்கும் மழை தன்ர பாட்டில தண்ணி ஊத்தும், தைக்குள்ள வேர் பிடிச்சிடும், பிறகு வாற வெய்யிலைக் கண்டு தாங்கும். விதை போடுற சீனியாஸ் மாதிரிச் சாமானை மட்டும் பெருமழைக்குள்ள நேர நிலத்தில போடாதேங்கோ, விதை கழுவுப்பட்டு வேலிக்கு அங்கால போய் முளைக்கும். தாவாரத்துக்குக் கீழ ஒரு பழைய தட்டில போட்டு எடுத்து நடுங்கோ. சீனியாஸ் விதை போட்டு ஏறக்குறைய ரெண்டு மாசத்தில பூக்கும், தைப்பொங்கலுக்கு முத்தத்தில பூ வேணுமெண்டா கார்த்திகைக்கு முன்னமே விதை போட்டிருக்கவேணும்.

மண்ணைக் கிண்ட முன்னம் ஒண்டு. எங்கட வளவுகளில என்ன புதைஞ்சு கிடக்கு எண்டு ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாது. பத்தை பிடிச்ச, நெடுக ஆரும் கிண்டாத மூலையில அலவாங்கு போடேக்க கவனம், அடையாளம் தெரியாத இரும்புச் சாமான் தட்டுப்பட்டா தொடவேண்டாம், சின்னப்பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு அப்பிடியே விலகி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கோ.

மண் எண்டு பாத்தா எங்கட இடத்தில செம்மண், தண்ணி வடியும், ஆனா வெய்யிலுக்குக் கல்லு மாதிரி இறுகும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் மணல், ஊத்திற தண்ணி நிக்காது. ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான், எரு. ஒண்டரை அடிக் குழி வெட்டி அடியில ரெண்டு மூண்டு பொச்சுமட்டையை உட்பக்கம் மேல பாக்கிற மாதிரி அடுக்குங்கோ, அது தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும். அதுக்கு மேல ரெண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கின மாட்டெரு, இறுகிற மண்ணெண்டா ஒரு பங்கு மணலும் கலந்து நிரப்புங்கோ. மாட்டெரு மக்கினதா இருக்கவேணும், சும்மா பட்டியில இருந்து அள்ளின பச்சைச் சாணி சூடு, வேரைச் சுட்டுப்போடும். கையில எடுத்தா உதிரவேணும், மணக்கக்கூடாது, அதுதான் கணக்கு. வேலியில நிக்கிற சீமைக்கிளுவை, பூவரசு இலையையும் வெட்டி மேல பரப்பினா மண்ணும் காயாது, அதுவே பிறகு உரம்.

இனித் தடி நடுற விசயம், இதில நான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்லவேணும், ஏனெண்டா அயலட்டையில பூக்கண்டு பரவுறது இதாலதான். செவ்வரத்தை, நந்தியாவட்டை, கடதாசிப்பூ எல்லாம் தடியில வரும். இளம் பச்சைத் தடி அழுகும், நல்லா முத்தின மரத்தடி வேர் விடக் கனநாள் எடுக்கும், ரெண்டுக்கும் நடுவில பென்சில் மொத்தத்தில இருக்கிறதைத் தேடுங்கோ. ஒரு சாண் நீளம் காணும். கீழ்ப்பக்கம் ஒரு கணுவுக்குக் கிட்டச் சரிவா வெட்டுங்கோ, மேல்பக்கம் நேர வெட்டுங்கோ, எது தலை எது கால் எண்டு பிறகு குழம்பாது. வெட்டுற கத்தி கூரா இருக்கவேணும், நசிச்சு முறிச்ச இடத்தாலதான் அழுகல் தொடங்கும். நந்தியாவட்டையில பால் வடியும், அதைக் கழுவி கொஞ்ச நேரம் நிழலில வைச்சிட்டு நடுங்கோ. நுனியில ரெண்டு இலையை விட்டிட்டு மற்றதை உருவி விடுங்கோ, பெரிய இலையெண்டா அதையும் பாதியா வெட்டுங்கோ, வேரில்லாத தடிக்கு இலையால தண்ணி போனா எங்கால எடுத்துக் குடிக்கிறது, பாவம்.

நான் நடுறது பாதியா வெட்டின சோடாப் போத்தலில. அடியில நாலு ஓட்டை, பாதி மணல் பாதி மண், எரு இந்த நேரத்தில வேண்டாம். போத்தல் வெளிச்சமா இருக்கிறதால வேர் வந்தா வெளியாலயே தெரியும், அதுக்குத்தான் போத்தல். கனபேர் பிழை விடுறது இதிலதான், பத்து நாளில ஒரு தளிர் எட்டிப் பாக்கும், உடன "பிடிச்சிட்டுது பிடிச்சிட்டுது" எண்டு பிடுங்கி நிலத்தில வைப்பினம், அடுத்த கிழமை காஞ்சுபோகும். அந்தத் தளிர் தடிக்குள்ள இருந்த சத்தில வந்தது, வேரால வந்ததில்லை. செவ்வரத்தைக்கு மூண்டு நாலு கிழமையாவது போகவேணும். போத்தலின்ர பக்கத்தில வெள்ளை நூல் மாதிரி வேர் ஓடுறதைக் கண்டாப்பிறகு கையை வையுங்கோ, அதுவரைக்கும் மாமரத்து நிழலில ஆட்டாமல் அசைக்காமல் விடுங்கோ. நான் விடிய வெள்ளன தேத்தண்ணியோட போய் ஒவ்வொரு போத்தலா வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாக்கிறனான், முதல் வேரைக் காணுற அண்டைக்கு வேற ஒண்டும் வேண்டாம் எனக்கு.

மல்லிகை முல்லைக்குப் பதியம் வைக்கிறது லேசு. நிலத்துக்குக் கிட்ட இருக்கிற கொடியை வளைச்சு, ஒரு கணுவில தோலை மெல்லச் சுரண்டி, அந்த இடத்தை மண்ணுக்குள்ள தாட்டு மேல ஒரு கல்லு வையுங்கோ. தாய்க்கொடி சாப்பாடு குடுக்கும், பிள்ளை தன்ர வேரைப் பிடிக்கும், ரெண்டு மூண்டு மாசத்தில தொடுப்பை வெட்டலாம். மல்லிகை பூக்கேல்லை எண்டு சொல்லுறவையின்ர வீட்டுக்குப் போய்ப் பாத்தா ஒண்டில் நிழலில நிக்கும், இல்லாட்டி ஒரு நாளும் கத்தி படாமல் காடாக் கிடக்கும். மல்லிகைக்கு முழு வெய்யில் வேணும். மழை முடியிற நேரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுங்கோ, எருப் போடுங்கோ, பங்குனி சித்திரையில புதுக்கொப்பு முழுக்க மொட்டு.

ரோசாவைப் பற்றி ஒரு சொல்லு. மலைநாட்டில இருந்து வாற ஒட்டு ரோசா வடிவுதான், ஆனா எங்கட வெக்கைக்குக் கஷ்டப்படும், காலமை வெய்யிலும் பின்னேர நிழலும் உள்ள இடமாப் பாருங்கோ. ஒட்டின இடத்துக்குக் கீழால, அடிக்கண்டில இருந்து வாற தளிரை உடன கிள்ளுங்கோ, அதை விட்டா அது மேல வந்து நல்ல ரோசாவைச் சாகடிச்சிடும். புதுசாத் தொடங்கிறவை பன்னீர் ரோசாவில தொடங்கினா மனம் விட்டுப்போகாது. தண்ணி கொஞ்சம் சவர் எண்ட இடத்தில கடதாசிப்பூ, பட்டிப்பூ, பத்துமணிப்பூ தாங்கும். எக்ஸோரா சுண்ணாம்புத் தண்ணிக்கு இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், அதை நோய் எண்டு மருந்து அடிக்காதேங்கோ, மழைத்தண்ணி சேத்து ஊத்தி எருப் போட்டுப் பாருங்கோ.

ஆடி ஆவணியில தண்ணியை அளந்துதான் ஊத்தவேணும். அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணி எல்லாம் குசினியால நேர கண்டுக்குப் போகட்டும், சவுக்காரத் தண்ணியை வாழைக்கு விடுங்கோ. சோடாப் போத்தல் மூடியில ஊசியால ஒரு ஓட்டை போட்டுத் தண்ணி நிரப்பி வேரடியில கவிட்டு வைச்சா சொட்டுச் சொட்டா இறங்கும். சட்டிக்குக் கீழ வைக்கிற தட்டு, சிரட்டை, யோகட் கப் ஒண்டிலயும் தண்ணி தேங்க விடாதேங்கோ, ஒரு கிழமை காணும் டெங்கு நுளம்பு பெருக.

செவ்வரத்தையில பஞ்சு மாதிரி வெள்ளைப்பூச்சி வந்தா முதல்ல அந்தக் கொப்பை வெட்டி எரிச்சுப்போட்டு மிச்சத்துக்குப் பைப்பால பலமாத் தண்ணி அடியுங்கோ. அடங்காட்டி வேப்பங்கொட்டை ஐம்பது கிராம் இடிச்சு ஒரு லீற்றர் தண்ணியில இரவிரவா ஊறப்போட்டு வடிச்சுத் துளி சவுக்காரம் கலந்து பின்னேரத்தில அடிக்கலாம். மாடு ஆட்டுக்கு வேலிதான் மருந்து, பட்டிப்பூ, நந்தியாவட்டையில அதுகள் வாய் வைக்கிறது குறைவு. சின்னப்பிள்ளையள் உள்ள வீட்டில அலரிக்கொட்டையும் கார்த்திகைப்பூக் கிழங்கும் நஞ்சு எண்டதைச் சொல்லிக் குடுங்கோ.

பூத்தாப்பிறகு என்ன செய்யிறது? என்ர படலைக்கு வெளியால, ஒழுங்கைப் பக்கமா, ஒரு வரிசை செவ்வரத்தை வைச்சிருக்கிறன். அது ஒழுங்கையால போறவைக்கு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறவை கேக்காமலே ஆயலாம், பள்ளிக்கூடம் போற பிள்ளையளும் ஆயலாம். ஒரு சின்னப்பிள்ளை ஒருநாள் படலையில நிண்டு, "அன்ரி, ரீச்சருக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு ஆயட்டோ?" எண்டு கேட்டா, "மூண்டு ஆயுங்கோ பிள்ளை, அம்மாவுக்கும் ஒண்டு" எண்டன், அடுத்த நாள் அவளின்ர அம்மா பத்துமணிப்பூவில நாலு நிறம் ஒரு பையில போட்டு அனுப்பியிருந்தவ. அதில வந்ததுதான் இப்ப கிணத்தடி முழுக்க.

கோயிலுக்கு ஆயிற பூ விடிய வெள்ளன, பனி காய முன்னம் ஆயுங்கோ, முகந்து பாக்கக்கூடாது. செவ்வரத்தை ஒருநாள் பூ, பின்னேரம் சுருங்கிடும், அதால அண்டண்டைக்கே குடுக்கவேணும். மல்லிகையை மொட்டா, பொழுதுபட முன்னம் ஆய்ஞ்சு ஈர வாழையிலையில சுத்தி வையுங்கோ, இரவு மாலை கட்டேக்க விரியத் தொடங்கும். வற்றாப்பளை அம்மனின்ர வைகாசிப் பொங்கலுக்கு எங்கட ஒழுங்கையில ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு பேணி மல்லிகை சேத்து ஒரே மாலையாக் கட்டி அனுப்புறது. ஒரு வீட்டு மல்லிகையில அவ்வளவு நீளம் கட்ட ஏலாது. எல்லாப் பூவையும் ஆய்ஞ்சு முடிக்காதேங்கோ, மேல்கொப்பில இருக்கிறதைத் தேன்சிட்டுக்கும் தேனீக்கும் விடுங்கோ.

தூர இடத்தில இருந்து ஆரும் வந்து தடி கேட்டா, வவுனியாவுக்கோ மன்னாருக்கோ பஸ்ஸில கொண்டு போகவேணும் எண்டா, இப்பிடிக் கட்டிக் குடுங்கோ. கேட்டதை விட ரெண்டு தடி கூட வெட்டுங்கோ, எல்லாம் பிடிக்காது. வெட்டின பக்கத்தை ஈரத்துணியால சுத்தி, அதுக்கு மேல வாழைமடலால சுத்தி, வாழைநாரால கட்டுங்கோ, மேல இலை காத்துப்பட வெளியால நிக்கட்டும். சொப்பின் பாக்குக்குள்ள முழுசா மூடிக் கட்டினா வெக்கையில அவிஞ்சுபோகும். பஸ்ஸில வெய்யில் படுற யன்னல் பக்கம் வைக்கவேண்டாம், காலடியில வையுங்கோ எண்டு சொல்லி விடுங்கோ. வீட்டை போன கையோட ஒரு வாளித் தண்ணியில நிக்கவிட்டு, வெய்யில் தாழ நடட்டும். ஒரு மாசம் கழிச்சு ரெலிபோன் எடுத்து, போத்தலில வேர் தெரியுதோ எண்டு கேளுங்கோ, தெரியேல்லை எண்டா அடுத்த முறை வரேக்க திரும்பவும் நாலு தடி வெட்டிக் குடுங்கோ.